இரண்டு ரவுட்டர், இரண்டு கேமரா, ஒரு நாஸ்: வீட்டு நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது?

#1 மாடிப்படி

வணக்கம். இப்போதைய அமைப்பு இது:

கீழ்த்தளத்தில் இணைப்பு நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம். ரவுட்டரும் வைஃபையும் அதற்குள்ளேயே இருக்கிறது, முகவரி 192.168.1.1. அதன் லான் (வீட்டுப் பக்க) போர்ட்டிலிருந்து சுவர் வழியாக ஒரு கேபிள் மாடிக்குப் போய், சொந்த ரவுட்டரின் வான் (இணையப் பக்க) போர்ட்டில் முடிகிறது. அந்த ரவுட்டர் 192.168.0.1.

மோடத்தின் வைஃபையில் டிவி, இரண்டு கேமரா, கீழே இருப்பவர்களின் ஃபோன்கள். மாடி ரவுட்டரில் லேப்டாப்கள், நாஸ் (கோப்புகளைச் சேமிக்கும் நெட்வொர்க் பெட்டி), பிரிண்டர்.

சிக்கல்கள்: இணைப்பு 300 எம்பிபிஎஸ். கீழே முழுசாக வருகிறது, மாடியில் 94ஐத் தாண்டவில்லை. கீழே இருக்கும் ஃபோனுக்கு மாடி பிரிண்டர் தெரிவதில்லை. கேமராக்கள் மற்றவற்றைத் தொடக்கூடாது. நாஸை வெளியூரிலிருந்து திறக்க வேண்டும். பாதுகாப்புக்காக எஸ்எஸ்ஐடியை (வைஃபை பெயர்) மறைத்து, மேக் ஃபில்டரும் (பட்டியலிட்ட கருவி முகவரிகளை மட்டும் விடுவது) போட்டிருக்கிறது. இது போதுமா?

#2 செம்புக்கம்பி

94 என்ற எண்ணே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் லிங்க்கில் தலைப்புச் சுமை (ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் முகவரித் தகவல்) போக உண்மையில் கிடைப்பது 94 சொச்சம்தான். ஆக ரவுட்டரின் வேகத்தையோ நிறுவனத்தையோ சந்தேகிக்க வேண்டாம். அந்தக் கேபிள் ஜிகாபிட்டில் லிங்க் ஆகவில்லை, அவ்வளவுதான்.

முதலில் மாடி ரவுட்டரின் வான் போர்ட் ஜிகாபிட் தானா என்று பாருங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் வைஃபைக்கு மட்டும் பெரிய எண் போட்டிருப்பார்கள், போர்ட் 100தான். அது சரி என்றால் கேபிள்.

100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும் (1, 2, 3, 6). ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று விட்டுப்போனாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். "நெட் வருதே" என்று யாரும் கவனிப்பதில்லை.

இரு முனையையும் வெட்டிப் புதிதாக முடியுங்கள். பி வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நீல ஜோடியைப் பச்சைக்கு நடுவே நுழைப்பது பலருக்கும் உறுத்தும். அதனால் ஜோடி ஜோடியாக வரிசையாக அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் அதே தப்பைச் செய்தால் சாதா டெஸ்டரில் எட்டு விளக்கும் பச்சையாகத்தான் எரியும். ஆனால் 3உம் 6உம் வெவ்வேறு முறுக்கில் போவதால் சிக்னல் ஒன்றோடொன்று கலந்து, வேகம் இறங்கும் அல்லது லிங்க் விட்டுவிட்டு வரும். விளக்கை நம்பாதீர்கள், வண்ணத்தைக் கண்ணால் பாருங்கள்.

முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்க்க வேண்டாம். வெளி உறையும் பிளக்குக்குள் போய்க் கவ்வப்பட வேண்டும். சுவருக்குள் ஓடும் கேபிளுக்குக் கிரிம்ப் பிளக்கைவிட கீஸ்டோன் ஜாக் (சுவரில் பொருத்தும் துளை) நல்லது. அதில் முடித்துவிட்டு, ஜாக்கிலிருந்து கருவிக்கு ரெடிமேட் பேட்ச் கேபிள் போடுங்கள்.

புதிதாக இழுப்பதானால் கேட்6, முழுச் செம்பு. உறையில் 'சிசிஏ' என்று இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்க வேண்டாம். மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும், பிஓஇ (அதே கேபிளில் மின்சாரம்) கொடுத்தால் சூடாகும். மின்கம்பியோடு ஒரே குழாயில் போடவே கூடாது. குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

#3 நேட் நாட்டாமை

பிரிண்டர் தெரியாததற்குக் காரணம் இரட்டை நேட். நேட் என்றால் உள்ளே இருக்கும் கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் மறைப்பது. உங்கள் வீட்டில் மோடம், மாடி ரவுட்டர் இரண்டும் அதைச் செய்கின்றன. மாடி ரவுட்டர் தன் வான் பக்கம் வருவதையெல்லாம் "வெளி இணையம்" என்றுதான் நினைக்கும். அதற்கு உங்கள் கீழ்த்தளமே அந்நியம். அதனால் மாடியிலிருந்து கீழே உள்ள கேமராவைத் திறக்க முடியும். கீழேயிருந்து மாடிக்கு ஏற முடியாது. ஒருவழிக் கதவு. (இரண்டுக்கும் வெவ்வேறு ஐபி வரிசை இருப்பது நல்ல காலம். இரண்டும் 192.168.1 என்றிருந்தால் மாடியில் நெட்டே வந்திருக்காது.)

சரிசெய்ய வழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று, மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டு ரவுட்டர் வேலையை முழுக்க சொந்த ரவுட்டருக்குக் கொடுப்பது. மற்றது, மாடி ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை மட்டும் தரும் பெட்டி) ஆக்குவது. இரண்டாவதில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்குவது) அணைத்து, ரவுட்டருக்கு 192.168.1.2 போல மோடம் வழங்கும் முகவரி வரிசைக்கு வெளியே ஒரு முகவரி கொடுத்து, கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லான் போர்ட்டில் செருக வேண்டும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் ஒரே கம்பியில் இரண்டு பேர் முகவரி வழங்குவார்கள். பாதிக் கருவிகள் தவறான கேட்வேயை (வெளியே போகும் வழி) பிடித்துக்கொண்டு, "சில சமயம் வேலை செய்கிறது" என்ற வகைத் தொல்லை ஆரம்பிக்கும்.

எதைச் செய்வதற்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ன? பிரிட்ஜ் வசதி இருக்கிறதா?

#4 மாடிப்படி

கேபிளில் பழுப்பு ஜோடி முனையில் ஒடிந்திருந்தது. இரு பக்கமும் ஜாக் போட்டதும் மாடியில் 300 வருகிறது. நன்றி, செம்புக்கம்பி.

வான் ஐபி 100.72 என்று தொடங்குகிறது. மோடம் பக்கத்தில் பிரிட்ஜ் என்ற சொல்லே இல்லை. நிறுவனத்தில் கேட்டால் "அப்படி ஒரு வசதி கிடையாது" என்கிறார்கள்.

#5 நேட் நாட்டாமை

100.64 முதல் 100.127 வரையுள்ளது சிஜிநேட் வரிசை. பொது ஐபி ஒன்றைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். அதாவது ஐபிவி4இல் (பழைய வகை முகவரி) நீங்கள் எத்தனை போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வருவதை உள்கருவிக்குத் திருப்பும் விதி) போட்டாலும் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்டும் வராது. போர்ட் திறப்பதைப் பற்றிய காணொளிகளை எல்லாம் மூடிவிடலாம்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. நிறுவனமே ஒரு நேட் போட்டிருக்கும்போது வீட்டுக்குள் இன்னொரு நேட் இருப்பதால் கூடுதலாக நீங்கள் இழப்பது ஏதுமில்லை. ஆகவே பிரிட்ஜ் கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டாம். இரட்டை நேட் அப்படியே இருக்கட்டும். பிரச்சினை நேட்டின் எண்ணிக்கையில் இல்லை. உங்கள் ரவுட்டர் தப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது.

சொந்த ரவுட்டரைக் கீழே மோடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மோடத்தின் லான் போர்ட்டிலிருந்து ஒரே ஒரு குட்டை கேபிள் ரவுட்டரின் வானுக்கு. மோடத்தின் வைஃபையை அணையுங்கள், அதன் மற்ற லான் போர்ட்களில் எதையும் செருகாதீர்கள். மாடிக்குப் போகும் கேபிள் இனி ரவுட்டரின் லானிலிருந்து கிளம்பட்டும், மேலே ஒரு ஆக்சஸ் பாயின்ட். இப்போது வீடு முழுக்க ஒரே ரவுட்டரின் ஆட்சி, பிரிண்டர் தானாகவே தெரியும்.

#6 அலைவரிசை

> எஸ்எஸ்ஐடியை மறைத்து, மேக் ஃபில்டரும் போட்டிருக்கிறது

இரண்டையும் எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு எதுவும் கூடவில்லை, தொல்லைதான் கூடியிருக்கிறது.

மேக் முகவரி ஒவ்வொரு ஃபிரேமிலும் மறையாக்கம் இல்லாமல்தான் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சில நிமிடம் கேட்டால் அனுமதி பெற்ற முகவரி கிடைத்துவிடும். அதைத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்வது ஒரு வரி வேலை. போதாததற்கு இப்போதைய ஃபோன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி மேக் காட்டுகின்றன (ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 முதல்). ஃபோனை மாற்றினாலோ, சில ஃபோன்களில் நெட்வொர்க்கை 'மறந்து' மீண்டும் சேர்த்தாலோ வீட்டு ஆளே வெளியே நிற்பார்.

மறைத்த எஸ்எஸ்ஐடி அதைவிட மோசம். ரவுட்டர் பெயரைச் சொல்லாது என்பதால் ஃபோன்தான் போகிற இடமெல்லாம் "இந்தப் பெயர் இங்கே இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே போகும்.

உண்மையில் செய்ய வேண்டியவை:

டபிள்யூபிஎஸ்ஸை (பொத்தான் அல்லது பின் எண்ணால் வைஃபையில் சேர்க்கும் வசதி) அணையுங்கள். அதன் எட்டு இலக்க பின்னில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். மிச்சத்தை ரவுட்டர் 4, 3 என்று இரண்டு துண்டாகச் சோதிக்கிறது. ஒரு கோடி வாய்ப்பு என்று நினைப்பது 10,000 + 1,000 என்று 11,000க்குச் சுருங்கிவிடும். இது 2011லேயே வெளியான ஓட்டை. பல ரவுட்டர்களில் இன்னும் தொழிற்சாலை அமைப்பிலேயே திறந்திருக்கிறது.

மறையாக்கம்: டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையென்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ். டிகேஐபி (பழைய, பலவீனமான முறை) வேண்டாம். டபிள்யூபிஏ2இல் ஒருவர் கைகுலுக்கலை (கருவி இணையும்போது நடக்கும் சரிபார்ப்பு உரையாடல்) பதிவு செய்து எடுத்துப்போய், தன் கணினியில் ஆற அமர கடவுச்சொல்லை ஊகிக்கலாம். அதற்கு ஒரே மருந்து நீளம். 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து 20 எழுத்தைத் தாண்டுங்கள். டபிள்யூபிஏ3இல் அந்த வெளியே வைத்து ஊகிக்கும் வேலை நடக்காது.

இரண்டையும் கலந்த 'மாறுநிலை' மோடில் பழைய கேமரா, பிரிண்டர் சில இணைய மறுக்கும். அப்படி நடந்தால் மொத்த வீட்டையும் கீழே இறக்காமல் அவற்றுக்கு மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் தனி எஸ்எஸ்ஐடி, டபிள்யூபிஏ2 கொடுங்கள். எப்படியும் தனியே வைக்க வேண்டியவைதானே.

சேனல்: 2.4இல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3, 4 என்று 'காலியான' நடுச்சேனலில் போய் நின்றால் இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்குத்தான். 5 கிகாஹெர்ட்ஸில் 80 அகலம் போதும். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. ரேடார் சிக்னல் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் வேறு சேனலுக்குத் தாவும். திரும்பவும் அந்த வரிசைக்கு வந்தால் குறைந்தது 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். "திடீரென்று 5 காணாமல் போகிறது" என்ற புகார்கள் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு ஆக்சஸ் பாயின்ட் வைக்கும்போது பவரை இரண்டிலும் உச்சத்தில் வைக்காதீர்கள். எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது ஃபோன். கீழ்த்தளத்துச் சிக்னல் மாடியிலும் ஓரளவு கேட்டால் அதையே கட்டிக்கொண்டு அழும். மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் வலிமை) அளவில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும்படி பவரைக் குறையுங்கள்.

#7 எளியவழி

ரவுட்டரைக் கீழே கொண்டுவந்த பிறகு கேமராவையும் டிவியையும் கெஸ்ட் (விருந்தினர்) நெட்வொர்க்கில் போட்டால் வேலை முடிந்தது. ஒரு டிக் பாக்ஸ். இதற்கு மேல் வீலான் (ஒரே கேபிளில் பல தனி நெட்வொர்க்), மேனேஜ்டு சுவிட்ச் (ஒவ்வொரு போர்ட்டையும் தனியே அமைக்கக்கூடியது) என்று போவது வீட்டுக்குத் தேவையில்லாத சுமை. அமைத்தவர் ஊரில் இல்லாத நாளில் நெட் நின்றால் வீட்டில் யார் சரிசெய்வது?

#8 நேட் நாட்டாமை

கேள்வி நியாயம். ஆனால் அந்த டிக் பாக்ஸில் இரண்டு குழி இருக்கிறது.

முதல் குழி: கெஸ்ட் என்பது ரவுட்டர் வேலை செய்யும் பெட்டியில்தான் உண்மையாகப் பிரிக்கும். பல ரவுட்டர்களை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றியதும், திரையில் 'கெஸ்ட்' என்று இருந்தாலும், அதில் சேரும் கருவியை அப்படியே லானுக்குள் விட்டுவிடும். மாடியில் வைக்கப்போகும் பெட்டி அப்படிப்பட்டதாக இருந்தால் மாடி கெஸ்ட் வெறும் பெயர்ப்பலகை. சோதிப்பது சுலபம்: மாடி கெஸ்ட்டில் ஃபோனை இணைத்து, உலாவியில் நாஸின் ஐபியைத் தட்டுங்கள். உள்நுழையும் பக்கம் வந்தால் பிரிப்பு இல்லை. அதே ஃபோனில் 192.168.1.1ஐயும் தட்டிப் பாருங்கள்.

அந்த 192.168.1.1தான் இரண்டாவது குழி. உள் ரவுட்டருக்கு மோடமும் 'இணையம்' தான். ஆகவே கெஸ்ட்டிலிருந்து மோடத்தின் நிர்வாகப் பக்கத்தைத் திறக்க முடியும். மோடத்தில் தொழிற்சாலைக் கடவுச்சொல்லே இருந்தால் டிஎன்எஸ்ஸை (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) மாற்றி வீட்டையே வேறு பக்கம் திருப்பலாம். கெஸ்ட்டிலிருந்து 192.168.1.0/24க்கு (192.168.1 வரிசை முழுக்க) போவதைத் தடுங்கள், அல்லது குறைந்தபட்சம் மோடத்தின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

#9 எளியவழி

மாடிக்கும் கீழுக்கும் ஒரே கம்பெனி மெஷ் செட் (சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் பெட்டிகள்) வாங்கினால் கெஸ்ட் பிரிப்பை அதுவே மாடிவரை கொண்டுபோகும், பெட்டிகளைக் கேபிளால் இணைத்திருந்தாலும் கூட. வாங்குமுன் அந்த ஒரு வரி விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கம்பியில் இணையும் கேமரா இருந்தால் மட்டும் என் வாதம் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். கெஸ்ட் என்பது வைஃபைக்கு மட்டும்.

#10 மாடிப்படி

கேமரா இரண்டையும் பிஓஇக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது. அப்படியானால் வீலான் வழியையே எழுதுங்கள். ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மென்பொருள்) ஏற்ற முடியும்.

#11 நேட் நாட்டாமை

தேவை: எட்டு போர்ட் மேனேஜ்டு பிஓஇ சுவிட்ச் ஒன்று, பல எஸ்எஸ்ஐடிக்கு வீலான் கொடுக்கத் தெரிந்த ஆக்சஸ் பாயின்ட் ஒன்று. சாதாரண பிஓஇ (802.3ஏஎஃப்) ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. வீட்டுக் கேமராவுக்குத் தாராளம். ஆனால் சுவிட்ச்சின் மொத்த வாட்டையும் பாருங்கள். ஆக்சஸ் பாயின்ட்டையும் அதிலிருந்தே ஓட்டினால் இரவில் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்கு எரியும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

முகவரியிலிருந்து தொடங்குங்கள். 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிருங்கள். நீங்கள் வெளியூரில் உட்காரும் வைஃபையும் பெரும்பாலும் அதே வரிசையில் இருக்கும், அப்போது விபிஎன் (வெளியூரிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் மறையாக்கப் பாதை) குழம்பும். 192.168.73 வீடு (வீலான் 10), 192.168.74 பொருள்கள், அதாவது கேமரா, டிவி (20), 192.168.75 விருந்தினர் (30) என்று வையுங்கள். பிரிண்டரில் கையால் ஐபி போட்டிருந்தால் மாற்றத்துக்கு முன்பே அதை டிஎச்சிபிக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் பழைய வரிசையிலேயே அனாதையாக நிற்கும். நிலையான முகவரி வேண்டுமென்றால் ரவுட்டரில் ரிசர்வேஷன் போடுவதே சரி.

சுவிட்ச்: ரவுட்டருக்கும் மாடி ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் போகும் போர்ட்களில் மூன்று வீலானும் டேக்குடன் (எந்த வீலான் என்ற குறியுடன்). கேமரா போர்ட்களில் 20 மட்டும், டேக் இல்லாமல். இங்கே எல்லோரும் சறுக்குவது பிவிஐடியில் (போர்ட்டுக்குள் டேக் இல்லாமல் வரும் பாக்கெட் எந்த வீலானில் சேரும் என்ற எண்). 'அன்டேக்டு 20' என்று போட்டுவிட்டு பிவிஐடியை 1இலேயே விட்டால் கேமராவுக்குப் போகும் பாக்கெட் போகும். கேமராவிலிருந்து வருவது வீலான் 1இல் விழும். ஐபியே கிடைக்காது. இன்னொன்று, வேலை முடியும்வரை ஒரு போர்ட்டை வீலான் 1இல் தொடாமல் வையுங்கள். உங்களையே வெளியே பூட்டிக்கொண்டால் அந்தப் போர்ட்தான் திரும்பி வரும் வழி.

ஃபயர்வால் வரிசை முக்கியம்:

1. ஏற்கெனவே தொடங்கிய இணைப்பின் பதில் பாக்கெட்களுக்கு அனுமதி.
2. வீட்டிலிருந்து எல்லாத் திசைக்கும் அனுமதி.
3. பொருள்கள், விருந்தினர் இரண்டிலிருந்தும் ரவுட்டருக்கு டிஎச்சிபி (67), டிஎன்எஸ் (53), நேரம் (123) மட்டும். நிர்வாகப் பக்கம் தெரியவே கூடாது.
4. கேமராக்களின் ஐபியிலிருந்து இணையத்துக்குத் தடை.
5. பொருள்கள், விருந்தினரிலிருந்து வீட்டுக்கும் 192.168.1.0/24க்கும் தடை.
6. மிச்சம் இணையத்துக்கு.

முதல் விதியை விட்டுவிட்டால் கேமராவை லேப்டாப்பில் திறக்கும்போது கோரிக்கை போகும், பதில் 5இல் மாட்டிக்கொள்ளும். 4ஆவது விதி போட்டதும் கேமராவின் கடிகாரம் சிறிது சிறிதாகத் தவறத் தொடங்கும், ஏனென்றால் வெளியே போய் நேரம் கேட்க முடியாது. கேமராவின் என்டிபி (நேரச் சேவை) முகவரியாக 192.168.74.1 கொடுத்து, ரவுட்டரில் என்டிபி சர்வரை இயக்குங்கள். உற்பத்தியாளரின் ஃபோன் ஆப் வெளியிலிருந்து வேலை செய்யாது, அதுதான் நோக்கமே. 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது கேமராக்களிலும் டிவிஆர்களிலும் மாற்றாமல் விட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வைத்துத்தான்.

#12 செம்புக்கம்பி

கேமரா வீட்டுச் சுவருக்கு வெளியே என்றால் அந்த ஜாக் கழற்ற எளிதான இடத்தில் இருக்கக்கூடாது. கழற்றி லேப்டாப்பைச் செருகினாலும் வீலான் 20க்குள்தான் வருவார் என்பது இந்த அமைப்பின் லாபம். தனிக் கட்டிடம், கார் ஷெட்டுக்குச் செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். மின்னலும் இரு கட்டிடத்து எர்த் வேறுபாடும் அதில் ஏறாது.

#13 தாழ்ப்பாள்

நாஸை வெளியிலிருந்து திறப்பது பற்றி யாரும் சொல்லவில்லை.

நாஸின் பக்கத்தை நேராக இணையத்தில் வைக்காதீர்கள், போர்ட் எண்ணை மாற்றினாலும் சரி. 2022இல் டெட்போல்ட் என்ற மீட்புத்தொகை நிரல் பூட்டியதெல்லாம் அப்படி வெளியே தெரிந்த நாஸ்களைத்தான். நாஸிலும் ரவுட்டரிலும் யூபிஎன்பியை அணையுங்கள். நாஸ் தானாகவே ரவுட்டரிடம் கதவைத் திறக்கச் சொல்லும் வசதி அது.

விபிஎன்தான் வழி. வயர்கார்டை (ஒரு விபிஎன் நிரல்) ரவுட்டரிலேயே ஓட்டுங்கள், வழக்கமான போர்ட் யுடிபி 51820. சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஏதும் இருப்பதாகவே தெரியாது.

சிஜிநேட் இருப்பதால் ஐபிவி4இல் இது நடக்காது. நிறுவனம் ஐபிவி6 (புதிய வகை முகவரி) கொடுக்கிறதா பாருங்கள். கொடுத்தால், மோடத்தின் ஐபிவி6 ஃபயர்வாலும் அந்த ஒரு போர்ட்டை உள்ளே விட வேண்டும், ஃபோனின் மொபைல் நெட்டிலும் ஐபிவி6 இருக்க வேண்டும். முகவரி முன்னொட்டு மாறும் என்பதால் டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியைப் பின்தொடரும் பெயர்) ஒன்று வேண்டும். இதில் எது இல்லாவிட்டாலும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இரு பக்கமும் வெளியே போகும் இணைப்பை வைத்தே சேர்த்துவிடும், சிஜிநேட் தடையில்லை. வயர்கார்டைத்தான் டெயில்ஸ்கேலும் உள்ளே பயன்படுத்துகிறது.

ஐபிவி6ஐ இயக்கும்போது ஒன்று: அங்கே நேட் கிடையாது, ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி. உள்ளே வருவதைத் தடுப்பது ஃபயர்வால் மட்டுமே. மேலே எழுதிய விதிகளை ஐபிவி4க்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் கேமரா ஐபிவி6 வழியாக ஜாலியாக வெளியே போய்வரும்.

#14 மாடிப்படி

எல்லாம் அமைத்தாயிற்று. விதிகள் சரியாக வேலை செய்கின்றன. ஒரே குறை: டிவி பொருள்கள் பக்கம் போனதும் ஃபோனிலிருந்து காஸ்ட் செய்ய (படத்தை டிவிக்கு அனுப்ப) டிவி பெயரே வரவில்லை. இரண்டாவது விதிப்படி வீட்டிலிருந்து டிவிக்குப் போக அனுமதி இருக்கிறதே?

#15 அலைவரிசை

போக அனுமதி இருக்கிறது, கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. டிவி தன் பெயரை எம்டிஎன்எஸ்ஸில் (ஒரே நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் தம் பெயரைச் சொல்லும் முறை) அறிவிக்கிறது: 224.0.0.251, யுடிபி 5353. அந்த முகவரிக்குப் போவதை ரவுட்டர் தாண்டவிடாது, எந்த விதி எழுதினாலும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் அவாஹி என்ற நிரலை நிறுவி, அதன் ரிஃப்ளெக்டரை (அறிவிப்பை மறுபக்கமும் திருப்பிச் சொல்வது) இயக்கி, இன்டர்ஃபேஸ் பட்டியலில் வீடு, பொருள்கள் இரண்டை மட்டும் சேருங்கள். விருந்தினரைச் சேர்த்தால் பிரிண்டர், நாஸ் பெயரெல்லாம் அங்கேயும் பட்டியலாகும். பொருள்கள் பக்கமிருந்து ரவுட்டரின் 5353க்கும் மூன்றாவது விதியில் இடம் கொடுங்கள். அதை விட்டால் அவாஹிக்கு டிவியின் குரலே கேட்காது.

பெயர் வந்த பிறகும் படம் ஓடவில்லை என்றால் ஃபோனில் இருக்கும் கோப்பை அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். அப்போது டிவிதான் ஃபோனை நோக்கி வந்து கோப்பைக் கேட்கும், அது ஐந்தாவது விதியில் நிற்கும். இணையக் காணொளி என்றால் டிவி நேராக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும், சிக்கல் வராது.